வெள்ளைச் சாமந்தியும் வாசல் விளக்கும்

1984 ஜனவரி 14, சனிக்கிழமை: மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருந்த என் மகள் சுகந்தி காய்ச்சலில் காலமானாள். வயது முப்பத்து மூன்று.

ஜனவரி 16: தந்தி கோயம்புத்தூர் வந்தது. என் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது.

ஜனவரி 29: பதினாறாம் நாள் காரியம் நான் இல்லாமல் நடந்தது.

பிப்ரவரி 4: அவள் முன்பே குறித்துவைத்தபடி, அவளுடைய பூக்கொட்டகையில் இரவு விளக்குகள் நிறுத்தப்பட்டன.

பிப்ரவரி 11, சனிக்கிழமை: நான் போய்ச் சேர்ந்தேன்.

*

மலையேறும் டாக்சியில் நாங்கள் நால்வர். ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர். வளைவுகளில் ஒரு கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டே மறு கையால் வறுத்த நிலக்கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நீலகிரி மலைப்பாதையில் முப்பதாண்டுகள் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஏறி இறங்கிய எனக்கு வளைவுகள் புதியவையல்ல. ஆனால் அங்கே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஓர் எண் உண்டு. எத்தனை மிச்சம் என்று தெரியும். இங்கே சாலை காட்டுக்குள் நெளிந்துகொண்டே இருந்தது. முடிவு எங்கே என்று கணிக்க வழியில்லை.

அருகில் அமர்ந்திருந்த தமிழ்ப் பெண்மணி ஈப்போவில் சேலை வாங்கித் திரும்புகிறவர். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஐயா ஊருலேருந்து வர்றீங்களா?”

“ஆமாம். எப்படித் தெரிந்தது?”

“இன்னும் பாதி மலைகூட ஏறலே, அதுக்குள்ளே மஃப்ளர் கட்டியாச்சு. ஊர்க்காரங்கதான் லா இப்படிப் பயப்படுவாங்க.” ஊர் என்றால் இங்கே இந்தியா, பேச்சின் நடுவே வரும் ‘லா’ இந்த நாட்டு வழக்கு.

ஓட்டுநர் என்னவென்று கேட்டார். அந்த அம்மாள் மலாயில் சொல்ல, அவரும் சிரித்தார். யார் வீட்டுக்கு என்று கேட்டபோது மருமகன் பெயரைச் சொன்னேன். பூக்கொட்டகைச் சந்திரன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் கழித்துப் பையைத் துழாவி, உப்பிட்ட பிளம் பழம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். “வாயிலே அடக்கிக்கிங்க. தலை சுத்தாது” என்றார். ரிங்லெட்டில் இறங்கும்போது என் பெட்டியை அவரே இறக்கிவைத்தார்.

சந்திரன் மலேசியாவில் பிறந்தவர். கோவை வேளாண் கல்லூரிக்குப் படிக்க வந்தவர். தாவரவியல் வகுப்பில் என் மாணவர். சுகந்தியை மணந்து இங்கே அழைத்துவந்த பிறகு, தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தார். அந்த வேலையை விடவைத்து, தோட்டத்தை ஒட்டிய சரிவில் மரச்சட்டமும் பிளாஸ்டிக் கூரையுமாகக் கொட்டகை எழுப்பி, சாமந்தி போடவைத்தது என் மகள். ரிங்லெட்டில் ஒரு கடைக்கு முன் நின்ற என்னைக் கண்டதும் அவர், “சார்” என்றார். பிறகு திருத்திக்கொண்டு, “வாங்க மாமா” என்றார்.

வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அடிவாரத்தில் சரிந்து கிடந்த தேயிலை வரிசைகள் இருளில் கரைந்துகொண்டிருந்தன. வீட்டு வாசலில் மட்டும் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். தகரக் குடை போட்ட பெரிய பல்பு ஒன்று தாழ்வாரத்தின் முகப்பில் கம்பியில் தொங்கியது.

சந்திரனின் தாயார் பாக்கியம்மாள் என் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் அண்ணாந்து அந்தப் பல்பைக் காட்டினார்.

“எண்ணெய் வெளக்குத்தான் ஏத்துனோம் சம்பந்தி. இந்த மலைக் காத்துலே நிக்கலே. அணைஞ்சு அணைஞ்சு போச்சு. அவ கொட்டாயிலேருந்தே ஒரு பல்பைக் கழட்டிக் கட்டச் சொன்னேன். அவ போன அன்னிக்கு ஏத்துனது. ஒரு நாள்கூட அணைக்கலே.”

அந்தக் குரலில் இருந்த பெருமிதத்தை நான் கவனித்தேன். கைகூப்பினேன். கூப்பிய கைகளை இறக்கும்போது வலப்புறம் திரும்பிப் பார்த்தேன். வாசலிலிருந்து பத்தடி தூரத்தில் பூக்கொட்டகையின் பக்கச்சுவர். அதன் பிளாஸ்டிக்கை ஊடுருவி, வீட்டுப் பக்கத்துப் பாத்திகள் முழுவதும் அந்த வெளிச்சம் படிந்திருந்தது.

வாசகர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். சாமந்தி இரவின் நீளத்தை அறியும் செடி. இரவு நீண்டால் மொட்டு வைக்கும். குறுகினால் தண்டும் இலையுமாக வளர்ந்துகொண்டே போகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த நாட்டில் ஆண்டு முழுவதும் இரவு நீளமாகவே இருப்பதால், நட்ட செடி சாண் உயரத்திலேயே பூத்துவிடும். அதை எவரும் வாங்கமாட்டார்கள். எனவே இருட்டியதும் பாத்திகளுக்கு மேல் பல்புகளை எரியவிட்டுச் செடியை ஏமாற்றுகிறார்கள். தண்டு போதிய உயரம் வந்ததும் ஒரு நாள் குறித்து விளக்குகளை நிறுத்துகிறார்கள். அன்றுமுதல் இருட்டு குலையாமல் இருந்தால் ஏழெட்டு வாரத்தில் பூ வரும். நடுவில் வெளிச்சம் பட்டால் செடி மொட்டை மறந்து மறுபடி இலை போடத் தொடங்கும்.

கொட்டகையின் விளக்குகளை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை, பாக்கியம்மாள் கொடுத்த தேநீருடன் கொட்டகைக்குள் போனேன். தேயிலை மலையின் நடுவில் இருந்துகொண்டு, தூள் தேயிலையில் டின் பால் ஊற்றித்தான் குடிக்கிறார்கள். நல்ல இலை கப்பலேறிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் குன்னூருக்கும் இந்த மலைக்கும் வேறுபாடில்லை.

தூரத்துப் பாத்திகளில் மஞ்சள் வகை. நான் எங்கு போனாலும் சட்டைப் பையில் வைத்திருக்கும் உருப்பெருக்கியால் நுனிக்குருத்தைப் பிரித்துப் பார்த்தேன். குருத்தின் முனை தட்டையாகி அகன்றிருந்தது. மொட்டுக்கு ஆயத்தம். வீட்டுப் பக்கத்துப் பாத்திகளில் வெள்ளை வகை. அதன் நுனிகள் கூராகவே இருந்தன. ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். இலை, மேலும் இலை.

“வெள்ளை யாருக்கு?” என்று சந்திரனிடம் கேட்டேன்.

“பிரிஞ்சாங்லே பூ மொத்தமா எடுக்குற சீன முதலாளி, தவுக்கே ஒருத்தருக்கு, லியோங்குனு பேரு. ஏப்ரல் தொடக்கத்துலே சீனங்க கல்லறைக்குப் போற திருநாள் மாமா. வெள்ளைதான் அதிகம் கேப்பாங்க. சுகந்திதான் போய்ப் பேசிட்டு வந்தா. இதைச் சரியாக் குடுத்தா வருஷம் முழுக்க நம்மகிட்டே எடுப்பாரு.”

“தராவிட்டால்?”

அவர் பாத்தியின் மேல் கட்டியிருந்த தாங்கு வலையை ஒரு கணுவுக்கு உயர்த்திக் கட்டினார். தண்டு வளர வளர வலையும் உயர வேண்டும். இல்லையேல் செடி சாய்ந்துவிடும். கட்டி முடித்த பிறகே பதில் வந்தது.

“பழைய கிராணி வேலை காலியா இருக்கு. துரை கேட்டு அனுப்பியிருக்காரு. மாசக் கடைசிக்குள்ளே சொல்லணும். தனியாளா இதை நடத்த முடியுமான்னு எனக்கே தெரியலே. வெள்ளை வந்துச்சுன்னா தொடருவேன். வரலேன்னா மூடிட்டு அங்கே போயிடலாம்னு இருக்கேன்.”

வெள்ளைப் பாத்தியின் நுனிகளை அவர் பார்க்கவே இல்லை. என் மாணவர் அவர். ஒளிக்காலம் பற்றிய தேர்வில் வகுப்பில் முதலாவதாக வந்தவர். தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தும் தாயிடம் சொல்லவில்லை என்றால் சொல்ல இயலவில்லை என்று பொருள். பெற்ற மகனால் சொல்ல இயலாததை, ஒரு மாதம் பிந்தி வந்த நான் எந்த உரிமையில் சொல்வது? ‘என் மகளுக்கு நீங்கள் ஏற்றிய விளக்கை அணையுங்கள்’ என்ற வாக்கியத்தை அன்று முழுவதும் பலவாறாக அமைத்துப் பார்த்தேன். எந்த அமைப்பிலும் அது சொல்லத்தக்கதாக இல்லை.

மாலையில் விளக்கு இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

*

திங்கட்கிழமை, இறப்புப் பதிவின் நகல் பெற, தானா ராத்தா நகருக்குப் பேருந்தில் போனோம். ஏற்றத்தில் பேருந்து நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கிப் போய் ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்ற, அதன் முகப்பிலிருந்து ஆவி எழுந்தது. பின் இருக்கையில் இருந்த கீரை வியாபாரி ஒருவர், “இந்த பஸ்ஸும் என் மாமியாரும் ஒண்ணு லா. தண்ணி காட்டுனாத்தான் நகரும்” என்றார். பக்கத்தில் அமர்ந்திருந்த அவர் மனைவி அவர் தொடையில் ஓங்கி அறைந்தார்.

அலுவலகத்தில் இருந்த இளைஞர் மரியாதையாக நடந்துகொண்டார். என் மகளின் பெயரை எழுத்துக்கூட்டி ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தார். சந்திரன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம் ஊர்ப் பரோட்டாவின் உறவினர். ஆனால் மெல்லியது, அடுக்குகள் காற்றோட்டமாக இருந்தன. பருப்புக் குழம்பு தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். நான் பாதியில் வைத்துவிட்டேன். அங்கேதான், அந்தப் பாதி ரொட்டியைப் பார்த்துக்கொண்டே, எனக்கு ஒரு வழி தோன்றியது.

“சந்திரன், கொட்டகையில் கறுப்புப் பிளாஸ்டிக் இருக்கிறதா?”

“காய்கறி நாத்துக்கு வாங்குனது இருக்கு.”

“வீட்டுப் பக்கச் சுவரில் மாலையில் கட்டிவிடலாம். குளிர்காற்று தாக்காமல் இருக்கும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எதற்கு என்று இருவருக்கும் தெரியும். குளிர்காற்று என்ற சொல்லை இருவரும் ஏற்றுக்கொண்டோம்.

“சரி சார்” என்றார். இம்முறை திருத்திக்கொள்ளவில்லை.

அன்று மாலையே கட்டினோம். வெளிச்சம் மறைந்தது. நான் முதன்முறையாகச் சோறு முழுவதும் சாப்பிட்டேன்.

செவ்வாய் காலை உள்ளே போனபோது இலைகளில் நீர் கோத்திருந்தது. பக்கச்சுவரின் காற்றோட்டத்தை நாங்கள் அடைத்துவிட்டோம். இந்த மலையில் இரவில் குளிர் இறங்கும்போது உள்ளே தேங்கிய ஈரம் இலைமேல் படிகிறது. ஈரம் காயாத இலையில் வெண்துரு என்னும் பூஞ்சை நோய் ஏறும். ஏறினால் வெள்ளையோடு நிற்காது, மஞ்சளையும் பிடிக்கும். பிளாஸ்டிக்கைச் சுருட்டி, வெயில் படும்படி எல்லாப் பக்கமும் திறந்துவிட்டோம். புதன்கிழமை காலை, வெள்ளைப் பாத்தியின் ஓர் இலையின் மேல்புறத்தில் வெளிறிய ஒரு புள்ளியைக் கண்டேன். அடிப்புறத்தைத் திருப்பி உருப்பெருக்கியை வைத்தேன். நோயா, தண்ணீர் வடுவா என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அந்த இலையைக் கிள்ளி மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு புள்ளி வந்தால் என்ன செய்வது என்பதைத் தவிர வேறெதையும் அன்று என்னால் நினைக்க முடியவில்லை. பாக்கியம்மாள் கடுகுக் கீரையில் பூண்டு தட்டிப்போட்டு வதக்கி வைத்தார். அதன் ருசி எனக்கு நினைவில்லை.

புதன் மாலை, வேறு வழியின்றி மறுபடியும் கறுப்புப் பிளாஸ்டிக்கை விரித்தோம். அடிப்பக்கம் ஒரு முழம் காற்றுக்கு விட்டுக் கட்டலாம் என்பது என் யோசனை. சந்திரன் முக்காலிமேல் நின்று மேல்முனையைக் கட்ட, நான் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாக்கியம்மாள் கையில் அகப்பையுடன் வாசலுக்கு வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏன்டா, எதுக்கு இது?”

“காத்துக்கும்மா.”

“காத்து அந்தாண்டை ஆத்துப் பக்கத்துலேருந்துல்ல வருது? வீட்டுப் பக்கம் கட்டுறே?”

சந்திரன் முடிச்சைப் போட்டுக்கொண்டே இருந்தார். பாக்கியம்மாள் அண்ணாந்து பல்பைப் பார்த்தார். பிறகு செடிகளைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும்.

“வெளக்கை மறைக்கத்தானே?”

நான் பிடித்திருந்த முனையைத் தரையில் விட்டேன்.

“வாயைத் தொறந்து சொன்னா என்னா லா? காலேஜு படிச்ச ஆளு ரெண்டு பேரு. ஒரு பல்புக்கு இத்தனை முழம் பிளாஸ்டிக்கா?”

“நீங்கதானேம்மா அணைக்கக் கூடாதுன்னீங்க.”

“அவ அப்பா வந்து பாக்குற வரைக்கும்னு சொன்னேன்! மொகம்தான் பாக்கக் குடுத்து வைக்கலே, வெளக்கையாவது பாக்கட்டும்னு. வந்துட்டாரு. வந்ததுலேருந்து சாயங்காலம் ஆனா இங்கே வந்து நின்னு அதையேதான் பாக்குறாரு. அப்படிப் பாக்குற மனுசன்கிட்டே போயி அணைச்சுடட்டுமான்னு எப்படிக் கேக்கறது?”

நான் பார்த்தது விளக்கையல்ல, அது செடியில் விழுவதை. அதை அவரிடம் சொல்லவில்லை.

“உங்கள் மனம் நோகக்கூடாதென்று...” என்று தொடங்கினேன்.

“எம் மனசா? சம்பந்தி, ஒரு மாசமா அந்த வெளிச்சம் சன்னல் வழியா மூஞ்சிலே அடிக்குது. எனக்குத் தூக்கமே இல்லே.”

சந்திரன் முக்காலிமேல் நின்றபடியே சிரித்துவிட்டார். சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அது சிரிப்பாக இல்லை. பாக்கியம்மாள் அருகே போய், எட்டிய இடத்தில், மகனின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

“எறங்குடா. அவரு எடுக்கட்டும்.” என்னைப் பார்த்து, “நீங்களே எடுங்க சம்பந்தி” என்றார்.

அந்தப் பல்புக்குச் சுவிட்சு இல்லை. கொட்டகையின் கம்பியிலிருந்து நேராக இழுத்துக் கட்டியது. கழற்றித்தான் அணைக்க வேண்டும். சந்திரன் முக்காலியைப் பிடித்துக்கொள்ள நான் ஏறினேன். துண்டை மடித்துப் பல்பைப் பிடித்தபோது அதன் சூடு துணியைத் தாண்டி வந்தது. ஒரு மாதச் சூடு. திருகினேன். முதல் திருகலில் அது அணைந்தது. பிறகும் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். மாலையின் கடைசி வெளிச்சம் இன்னும் வானத்தில் இருந்தது. தேயிலைச் சரிவு முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. விளக்கு எரிந்தவரை அது தெரியவில்லை.

“சோறு ஆறுது” என்று சொல்லிவிட்டுப் பாக்கியம்மாள் உள்ளே போனார்.

*

இழந்த நாட்களைச் செடி திருப்பித் தராது. வெள்ளை பிந்தித்தான் வரும். அதைத் தவுக்கேயிடம் மறைக்கக் கூடாது என்று சந்திரன் முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை ஒரு முட்டைக்கோசு லாரியில் இடம் கிடைத்தது. ஓட்டுநருக்கு அருகில் சந்திரனும் நானும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பாதி வழியில் டயர் வெடித்தது. மாற்று டயரை எடுக்க முட்டைக்கோசுக் கூடைகளைச் சாலையோரம் இறக்கி, மறுபடி ஏற்றினோம். பல்கலைக்கழகக் குழுக்களில் நான் அமர்ந்து செய்த எந்த வேலையையும் விட அது விரைவாக முடிந்தது.

லியோங் பருமனான மனிதர். கடையின் பின்புறம் வாளிகளுக்கு நடுவில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சந்திரன் மலாயில் சொல்வதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். சந்திரன் தயங்கி, விளக்கைப் பற்றிச் சொன்னார் என்று கைச்சைகையில் புரிந்தது. லியோங் என் பக்கம் திரும்பி எழுந்து நின்றார். அவர் சொன்னதைச் சந்திரன் எனக்குத் தமிழில் சொன்னார்:

“திருநாளுக்கு முன்னே பத்து நாள், பின்னே பத்து நாள், கல்லறைக்குப் போவாங்களாம். எல்லாரும் அன்னிக்கே வர மாட்டாங்களாம். தூரத்துலே இருக்குற பிள்ளைங்க பிந்தித்தான் வருவாங்க, அவங்களுக்கும் பூ வேணும், மஞ்சளை முதல்லே குடு, வெள்ளையைப் பின்னாடி குடுங்கிறாரு.”

நான் லியோங்குக்குக் கைகூப்பினேன். அவரும் கூப்பினார். எங்களுக்குப் பொதுவான சொல் எதுவும் இல்லாததால் அத்துடன் நின்றது.

திரும்பும் வழியில் தோட்ட அலுவலகத்தின் முன் சந்திரன் லாரியை நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் வந்தார். ஓட்டுநர், “என்னாண்ணே, துரைகிட்டே திட்டு வாங்கிட்டு வர்றீங்களா?” என்றார்.

“இல்லே லா. வேலை வேணாம்னு சொல்லிட்டு வர்றேன்.”

“வெள்ளை இன்னும் வரவில்லையே?” என்று கேட்டேன்.

“வரும் மாமா” என்றார்.

மாதக் கடைசியில் நான் புறப்பட்டேன். அன்று காலை மஞ்சள் பாத்தியில் பட்டாணியளவு மொட்டுகள் இருந்தன. வேறு இலைகளில் புள்ளி வரவில்லை. வெள்ளைப் பாத்தியில் ஒரு செடியின் குருத்தைப் பிரித்து உருப்பெருக்கியை வைத்தேன். முனை தட்டையாகியிருந்தது. அடுத்த செடியைப் பார்த்தேன். அதுவும். மூன்றாவதைப் பார்க்கக் கண் ஒத்துழைக்கவில்லை. உருப்பெருக்கியைச் சந்திரனிடம் கொடுத்தேன்.

நான் அங்கே செய்யாமல் விட்டுவந்தவை:

வெள்ளைப் பாத்தியின் வலையை இன்னும் ஒரு கணு உயர்த்த வேண்டும்.

கறுப்புப் பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து நாற்றுக்குத் திருப்ப வேண்டும்.

வாசல் பல்பைக் கொட்டகையில் அதன் இடத்தில் மாட்ட வேண்டும்.

சுகந்தியின் அலமாரியைத் திறக்க வேண்டும். சம்பந்தி அம்மாள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அடுத்த நடவுக்கு விளக்கை நிறுத்தும் நாளைக் குறிக்க வேண்டும். இதுவரை குறித்து வந்தவள் அவள்.